ஒன்பது லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி:

ஐயா, நான் கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்புப் பொறியாளர். வயது 36. ஒன்பது ஆண்டுகளாகப் போலோ டி.எஸ்.ஐ. கார் ஓட்டுகிறேன். ஓர் ஐரோப்பிய நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ் காரின் சிறப்புப் பதிப்பைக் கொஞ்சமே கொஞ்சம் எண்ணிக்கையில் இங்கே கொண்டுவரப்போவதாகத் தெரிந்த நாளிலிருந்து அதற்காகவே பணம் சேர்த்தேன். பதிவு வரியும் காப்பீடும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலை 45 லட்சம். இங்குள்ள விற்பனை நிலையத்தில் ஆறு மாதம் முன்பே பெயர் கொடுத்தேன். பட்டியலில் முதல் ஆள் நீங்கள்தான் என்றார்கள். ஆக்சஸரீஸ் தொகுப்புக்கு 1.40 லட்சம் கட்டினால் ஒதுக்கீடு உறுதி என்றார்கள், கட்டினேன். காப்பீடும் தங்களிடமே எடுக்க வேண்டும் என்றார்கள், சம்மதித்தேன். முன்பதிவு தொடங்கிய அன்று காலையில், எல்லாரும் இணையத்தில்தான் பதிய வேண்டும் என்று கையை விரித்துவிட்டார்கள். எனக்கு ஓ.டி.பி. வருவதற்குள் கார்கள் தீர்ந்துவிட்டன. கட்டிய பணத்தை அடுத்த காருக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இப்போது பெங்களூரில் ஒருவர், வாங்கி இரண்டு மாதமே ஆன, 900 கிலோமீட்டர் மட்டும் ஓடிய அதே காரைத் தன் மொத்தச் செலவுக்கு மேல் 9 லட்சம் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? நுகர்வோர் மன்றத்துக்குப் போனால் எனக்குக் கார் கிடைக்குமா? ஓட்ட ஆசைப்படுகிறவனுக்குக் கிடைக்காமல், விற்றுக் காசு பார்க்கிறவனுக்குக் கிடைப்பது என்ன நியாயம்?

பெயர் வெளியிட வேண்டாம், கோவை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்திலிருந்த நிறுவனத்தின் பெயரையும் விற்பனை நிலையத்தின் பெயரையும் நீக்கிவிட்டேன். அவர்கள் தரப்பை நான் கேட்கவில்லை.

ஒன்பது லட்சம் கொடுக்காதீர்கள். காரணங்களைப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஆறு மாதம் காத்திருந்தவர் நீங்கள். இன்னும் பத்து நிமிடம் இருங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெங்களூர்க்காரர் கேட்பது தன் மொத்தச் செலவுக்கு மேல் ஒன்பது லட்சம். அந்த மொத்தச் செலவுக்குள் கர்நாடகத்தில் பதிவின்போது ஒரே தடவையாக அவர் கட்டிய ஆயுள் வரி இருக்கிறது. 45 லட்சம் ரூபாய்க் காருக்கு அது எட்டு, ஒன்பது லட்சம் வரும். காரை உங்கள் பெயருக்கு மாற்றிக் கோவைக்குக் கொண்டுவந்தால், அங்கிருந்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு வரி 20 விழுக்காடு. வெளிமாநிலப் பதிவில் வரும் காருக்கு வயதுக்கேற்பக் குறைப்பார்கள். இரண்டு மாதக் காருக்குக் குறைவது சொற்பம். ஆக இன்னொரு எட்டு லட்சத்தை ஒட்டிய தொகை. கர்நாடகத்தில் கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கோர வழி இருக்கிறது. அது விண்ணப்பமும் நினைவூட்டலும் அலைச்சலுமான வழி. கைக்கு வந்தால்தான் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் கூடுதல் தொகை பதினேழு ஆகிவிட்டது. கர்நாடக எண்ணுடனே ஓட்டிவிடலாமே என்று நண்பர் யாராவது சொல்வார். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். நாட்டில் சில பத்துக் கார்களே உள்ள ஒரு மாடலைக் கோவைச் சாலையில் எந்தச் சோதனைச் சாவடியும் கவனிக்காமல் விடாது.

அடுத்தது காப்பீடு. என்னிடம் ஆலோசனைக்கு வரும் பலர் யோசித்தே பார்க்காத இடம் இது. காருக்குக் காப்பீடு தரும் உச்சத் தொகையான ஐ.டி.வி., நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்பதைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. நிறுவனத்தின் விலைப்பட்டியலில் உள்ள விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்துக் கணக்கிடுகிறார்கள். ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓர் ஆண்டு வரை 15, இரண்டு ஆண்டு வரை 20 என்று கழிவு ஏறிக்கொண்டே போகும். உங்கள் 45 லட்சம் கார் ஓர் ஆண்டு முடிவதற்குள் காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் 38 லட்சம் ரூபாய்க் கார். சாலையில் லாரி மோதி முழுச் சேதமானாலும், திருடு போனாலும், நீங்கள் பெங்களூர்க்காரர் கையில் கொடுத்த ஒன்பது லட்சம் எந்தப் பாலிசியிலும் இருக்காது. முழு விலையைத் திருப்பித் தரும் கூடுதல் பாலிசி எடுத்தாலும் அது பார்ப்பது நிறுவனத்தின் இன்வாய்ஸை. கிடைப்பதரிதான காருக்காகக் கொடுக்கும் மேல்தொகை, எந்த இன்வாய்ஸிலும் ஏறாத பணம். வங்கியும் அந்தத் தொகைக்குக் கடன் தராது. அத்தனையும் உங்கள் கைப்பணம்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் காரை நேரில் பார்க்கப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். போனால் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிவிட்டால் 14 நாளுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

இனி நியாயம் பற்றி. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். நான் இருபது ஆண்டுக்கு மேல் முன்பதிவு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். "சார், பட்டியலில் நீங்கள்தான் முதல்" என்ற வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். ஒரே வாரத்தில் நான்கு பேரிடம் சொன்னதும் உண்டு. அதைப் பொய் என்று நாங்கள் நினைத்ததில்லை. நான்கு பேரில் மூவர் எப்படியும் விலகிவிடுவார்கள் என்பது எங்கள் கணக்கு. சாதாரணக் காருக்கு அந்தக் கணக்குச் சரிதான். எண்ணிக்கை குறைந்த காருக்கு அது முதலிலேயே உடைந்துவிடும், ஏனென்றால் யாரும் விலகமாட்டார்கள்.

எண்ணிக்கையை வைத்துக் கார் விற்கும் வழக்கம் எப்படி வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். பந்தய விதிகள்தான் அதற்குத் தாய். பந்தயத்தில் ஒரு காரை இறக்க வேண்டுமானால் அதே மாடலில் குறைந்தது இத்தனை கார்களைத் தயாரித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கையை எட்டுவதே அன்று நிறுவனங்களுக்குத் தலைவலி. 1960களின் தொடக்கத்தில் விதி 100 கார் கேட்டது. ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வில் செய்ததோ 36தான். ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த 250 ஜி.டி.யின் இன்னொரு வடிவம் என்று காட்டி அனுமதி வாங்கினார்கள். போர்ஷே 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் 911 கரேரா ஆர்.எஸ். 2.7 காரை வைத்தபோது, விதிக்குத் தேவையான 500 கார்களை யார் வாங்குவார்கள் என்று அதன் விற்பனைப் பிரிவே கவலைப்பட்டது. 500ம் சில வாரங்களில் தீர்ந்தன. நிறுவனம் என்ன செய்தது? இன்னும் செய்தது. 1973 நடுவுக்குள் 1,580 கார்கள். வாங்க ஆள் இருக்கிறது என்றால் தயாரிப்பது என்ற அந்தப் பழைய கடைக்காரப் புத்தி எனக்குப் பிடித்தமானது.

"குறைந்தது இத்தனை" என்று தொடங்கியது இன்று "அதிகபட்சம் இத்தனை" என்று தலைகீழாகிவிட்டது. சந்தை கேட்பதைவிட ஒரு கார் குறைவாகவே விற்க வேண்டும் என்று என்ஸோ ஃபெராரி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. இப்போது எல்லா நிறுவனமும் அதை மந்திரமாக ஓதுகிறது. போர்ஷே 2016இல் 911 ஆர் காரை 991 மட்டும் செய்து, 918 ஸ்பைடர் என்ற தன் முந்தைய காரை வைத்திருந்தவர்களுக்கு முதல் வாய்ப்பு கொடுத்தது. ஏற்கெனவே இருப்பவனுக்கே இன்னொன்று. ஃபோர்டு தன் புதிய ஜி.டி. காருக்கு 2016இல் விண்ணப்பம் வாங்கி, ஆள் பார்த்துக் கொடுத்தது. 500 காருக்கு 6,506 விண்ணப்பங்கள். இரண்டு ஆண்டுக்கு விற்கக் கூடாது என்று ஒப்பந்தமும் போட்டது. மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா அதை மீறிச் சில வாரங்களிலேயே விற்றபோது வழக்குப் போட்டுப் பின்னர் சமரசமாக முடித்துக்கொண்டது. விற்றுக் காசு பார்ப்பவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் அந்த நிறுவனத்துக்கும் இருந்தது. ஆனால் விண்ணப்பத்தில் தேறியவர்கள் பெரும்பாலும் பிரபலங்களும் கார் சேகரிப்பாளர்களும்தான். பம்ப்செட் பொறியாளருக்கு அங்கேயும் இடம் இருந்திருக்காது.

நம் நாட்டுக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. 2018இல் வந்த விதிப்படி, ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வாகனங்களை இங்கே மறுபடி சோதனைச் சான்று வாங்காமல் இறக்குமதி செய்யலாம். அதற்கு முன் விலை, எஞ்சின் அளவு என்று கட்டுப்பாடுகள் இருந்தன. உங்களைப் போன்றவர்கள் ஆசைப்படும் நடுத்தர அளவு ஸ்போர்ட்ஸ் கார்கள் வரத் தொடங்கியதற்கு இந்த விதி பெரிய காரணம். 2,500 கொண்டுவரலாமே, ஏன் நூறும் நூற்றைம்பதும் மட்டும் என்று கேட்பீர்கள். சுங்க வரியை முன்னால் கட்டித்தான் காரைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்க முடியும். விற்காமல் கிடங்கில் நிற்கும் ஒவ்வொரு காரிலும் வரிப்பணமும் சேர்ந்து முடங்கும். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 2016இல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி.ஐ. இங்கே வந்தது. 99 கார்கள், விலை 26 லட்சத்தை ஒட்டி. போலோவுக்கு 26 லட்சமா என்று ஊரே சிரித்தது. அடுத்த ஆண்டே விலையை 20 லட்சத்துக்குள் இறக்க வேண்டி வந்தது. முதல் நாள் ஓடிப்போய் வாங்கியவர்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சூடு கண்ட பிறகு இப்போது குறைவாகக் கொண்டுவருகிறார்கள், சட்டென்று தீர்ந்தும் போகிறது. 2025இல் கோல்ஃப் ஜி.டி.ஐ.க்கு விலையை அறிவிக்கும் முன்பே முதல் 150 கார்களும் முன்பதிவாகிவிட்டன. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 100 கார்கள், முன்பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே காலி. உங்களுக்கு ஓ.டி.பி. வராமல் போனது உங்கள் ஜாதகக் கோளாறு இல்லை. நூறு இருக்கைக்கு ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கதவைத் தள்ளினால் நடப்பதுதான் நடந்தது. இதில் நிறுவனங்களுக்கு நட்டமும் இல்லை. "நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தது" என்ற செய்தி, அந்த நூறு காரை விற்பதைவிட ஷோரூமில் நிற்கும் மற்றக் கார்களை விற்கவே உதவுகிறது.

மேல்தொகை கொடுத்து வாங்கியவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று? அதே போர்ஷே 911 ஆர் நல்ல பாடம். அமெரிக்காவில் அதன் விலை 1,84,900 டாலர். அரிதான கார் என்பதால் பழைய கார் சந்தையில் அதைப்போல் பல மடங்கு கேட்டார்கள், கொடுக்கவும் செய்தார்கள். 2017 செப்டம்பரில் போர்ஷே 911 ஜி.டி.3 டூரிங்கைக் கொண்டுவந்தது. அதே அளவில் 4 லிட்டர் எஞ்சின், கையால் மாற்றும் கியர், பின்னிறக்கை கிடையாது, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் கிடையாது. 911 ஆரின் சந்தை விலை சரிந்தது. சாவி அவர்கள் கையில் இருக்கிறது, நண்பரே. அரிதாக வைத்திருப்பதும், அடுத்த ஆண்டு இன்னொரு தொகுதி இறக்குவதும் அவர்கள் விருப்பம். நீங்கள் கொடுக்கும் ஒன்பது லட்சம், அவர்கள் மனம் மாறமாட்டார்கள் என்று கட்டும் பந்தயம்.

அடுத்து அந்த 1.40 லட்சம். இதில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை வைப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாட்டு வணிக முறை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. காப்பீட்டையும் விருப்பப்பட்ட இடத்தில் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இவர்களோ வராத காருக்கு ஆக்சஸரீஸ் விற்றிருக்கிறார்கள். மிதியடிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

பணம் கட்டிய ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். விற்பனை நிலையத்தின் கணக்கில் கட்டியிருந்தால் நல்லது. விற்பனையாளரின் சொந்த எண்ணுக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனை விவரத்தையும், ஒதுக்கீடு உறுதி என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வேலை மாறுவார்கள், செய்திகள் அழியும். பிறகு பொதுமேலாளருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே கடிதம்: இன்ன தேதியில் இன்ன தொகை கட்டினேன், கார் ஒதுக்கப்படவில்லை, பதினைந்து நாளுக்குள் திருப்பித் தாருங்கள். ஆதங்கம், அவமானம், ஆறு மாதக் காத்திருப்பு எதையும் அதில் எழுத வேண்டாம். அவற்றை எனக்கு எழுதினீர்கள், போதும். பதில் வரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். என் அனுபவத்தில், கடிதத்திலேயே பாதிப் பேருக்குப் பணம் வந்துவிடும். ஆனால் கார் வராது. பெயர் கொடுத்ததும் பட்டியலில் இருந்ததும் ஒப்பந்தம் ஆகாது. பணத்தைத் திருப்பிக் கொடு, இழப்பீடு கொடு என்று ஆணையம் சொல்லலாம். இல்லாத காரை எடுத்துத் தரச் சொல்லாது.

அந்தக் கார்மீது இன்னும் மனம் இருந்தால், வழி முழுக்க அடைபடவில்லை. முன்பதிவில் எப்போதும் சில உதிரும். இணையத்தில் டோக்கன் தொகை கட்டுவது எளிது. மீதிப் பணத்துக்கு வங்கி அனுமதி வாங்கும்போதுதான் பலருக்கு வீட்டில் விஷயமே தெரியும். நிறம் பிடிக்கவில்லை என்று விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். உதிர்ந்த ஒதுக்கீட்டை ஷோரூம்காரர்கள் உடனே கொடுக்க விரும்புவது, வங்கி அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் ஒரு முறை மரியாதையாகப் போன் செய்யும் ஆளுக்கு. தினமும் கூப்பிட்டுச் சண்டை போடுகிறவருக்கு இல்லை; மனித இயல்பு அப்படி. கோவையோடு நிற்காமல் மதுரை, கொச்சி நிலையங்களிலும் சொல்லி வையுங்கள். புதுக் காரைத் தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து கோவையிலேயே நிரந்தரப் பதிவு செய்யலாம், இரட்டை வரி வராது. நிறுவனமே வைத்திருக்கும் டெஸ்ட் டிரைவ் கார்களும் ஓர் ஆண்டுக்குப் பிறகு விற்பனைக்கு வருவதுண்டு. ஆனால் அவற்றை மதிப்புரை எழுத ஓட்டிப் பார்த்த பத்திரிகையாளர்கள் பாடாய்ப் படுத்தியிருப்பார்கள். பிரேக் டிஸ்க்குகளை அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

இன்னொரு வழியையும் சொல்கிறேன். 2020இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 காரை 200 மட்டும் கொண்டுவந்தார்கள். அன்றைய விலை 36 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு முன் வந்த ஆர்.எஸ். 230ம் உண்டு. இரண்டும் பழைய கார் சந்தையில் அவ்வப்போது வருகின்றன. தமிழ்நாட்டுப் பதிவாகத் தேடுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். எஞ்சின் மென்பொருளை மாற்றி ஓட்டிவிட்டு, விற்கும் முன் பழையதை ஏற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள், நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் கருவி பொருத்திப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். முன்பம்பர் ஒன்று உடைந்தால் எத்தனை வாரம் ஆகும் என்று விற்பவரிடமே கேளுங்கள். இறக்குமதிக் கார் வைத்திருந்தவர் அதற்குச் சிரிக்காமல் பதில் சொல்லமாட்டார்.

கோவைக்காரர் உங்களுக்கு நான் கரிவர்தனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1980களின் கடைசியில், நாட்டில் எல்லாருக்கும் கிடைக்கும் மாருதி 800 எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தினார். நிறைய இளைஞர்கள் பந்தயத்துக்குள் வர வேண்டும் என்பதற்காகச் செய்த கார் அது. இன்ன எண்ணிக்கைதான் என்று அதில் யாரும் பித்தளைத் தகடு பதிக்கவில்லை. அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளம் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம் ஆகுமா?

உங்கள் போலோவை இதுவரை அங்கே கொண்டுபோனதில்லை என்று ஊகிக்கிறேன். கொண்டுபோயிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். சொந்தக் காருடன் ஓட்ட அனுமதிக்கும் நாள் எப்போது என்று விசாரித்துப் பதியுங்கள். அந்தக் காரின் எஞ்சினுக்கு அங்கே போதுமான வேலை இருக்கிறது. போகும் முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஒன்பது ஆண்டில் எத்தனை முறை மாற்றினீர்கள் என்று சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும். டாட் 4 ரக ஆயிலைக் கேட்டு வாங்குங்கள், முன்சக்கர பிரேக் பேடுகள் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். ஹெல்மெட் அங்கே வாடகைக்குக் கிடைத்தாலும் சொந்தமாக ஒன்று எடுத்துப் போங்கள்.